எங்கேயோ ஒரு லூஸ்

கம்ப்யூட்டரைக் கடையில் வாங்குவதில்லை, நானே வீட்டில் கட்டுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தேன். ஓர் ஆண்பிள்ளை தன் கையால் கட்டியது என்று சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டாமா? அதுவரை நான் கட்டியவை வீட்டு வாடகை, கரண்ட் பில், ஷூ லேஸ். இதில் ஷூ லேஸ் மட்டும்தான் என் சொந்தத் திறமை. அதுவும் பாதி வழியில் அவிழ்ந்துவிடும்.

சாப்பாட்டு மேஜையில் இதை அறிவித்தேன். மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள்.

அவ்வளவுதான். ஏன் என்றும் கேட்கவில்லை, உங்களால் முடியுமா என்றும் கேட்கவில்லை. கல்யாணமானவர்களுக்குத் தெரியும். மனைவி சண்டை போட்டால் பிழைத்தோம், சரி என்றால் தொலைந்தோம். எனக்கும் இது தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்கு மெமரி எவ்வளவு போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேனா, என்னுடைய மெமரி அந்த நேரம் பார்த்துக் கைவிட்டுவிட்டது.

கம்ப்யூட்டர் எனக்கில்லை, அவளுக்கு. அவள் தொழில் பிழை திருத்துவது. ஒரு பதிப்பகத்தில் பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். பதிப்பகம் ஊரின் மறுகோடிக்கு இடம் மாறியபோது, பஸ் மாறி மாறிப் போய்வர முடியாமல் வேலையை விட்டாள். வேலையைத்தான் விட்டாள், பிழையை விடவில்லை. பிஸ்கட் பாக்கெட்டில் பிழை பார்ப்பாள். சோப்பு உறையில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால் அன்றைக்கு முழுவதும் முகம் சரியிருக்காது. படிக்க எதுவும் கிடைக்காத நேரங்களில் என்னைப் பார்ப்பாள். நான் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் அவள் புருவம் இரண்டு தடவை ஏறி இறங்கும். எனக்கு அது பழகிவிட்டது.

அந்தப் பதிப்பகத்து ஆசிரியர் அம்மாதான் திடீரென்று போன் செய்திருந்தார். இப்போது எல்லாம் மெயிலில் வருகிறது, வீட்டிலிருந்தே பார்க்கலாம், நீ மறுபடி வருகிறாயா என்று கேட்டாராம். அடுத்த திங்கட்கிழமைக்குள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வேலை வேறு ஒருவருக்குப் போய்விடும். போனை வைத்துவிட்டு அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. இந்த வேலை இவளுக்குக் கிடைத்தே ஆகவேண்டும் என்று மனதார நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

அவளுடைய அண்ணன், கம்ப்யூட்டர் துறையில் இருப்பவர், புதிதாக ஒன்று வாங்கித் தந்துவிடுகிறேன் என்றார். என் மச்சான் ரொம்ப நல்ல மனிதர். அவரிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான். முன்பு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து எப்போது வந்தாலும் முதலில் அதைப் பார்த்துவிட்டு, "ஓடுதா மாப்ள?" என்பார். கம்ப்யூட்டரும் அவர் கொடுத்ததாகிவிட்டால் ஆயுசுக்கும் நான் "ஓடுது மச்சான்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் கட்டுவது என்று முடிவெடுத்தேன்.

அன்றைக்கே சாமான்களைச் சிக்கனமாகச் சேர்த்தேன். இழுத்து மூடிய ஒரு பிரௌசிங் சென்டரிலிருந்து கேபினட் வந்தது. 'இங்கே காலணியோடு வரக் கூடாது' என்ற ஸ்டிக்கர் அதன் நெற்றியிலேயே இருந்தது. நான் வேலை பார்ப்பது ஒரு பூட்டுக் கடையில். அந்தக் கடைக் கணக்கர் தன் பழைய மதர்போர்டைக் கொடுத்தார். மாடியில் இருக்கும் பல் டாக்டர், நோயாளிகளின் பல்லைப் பெரிதுபடுத்திக் காட்டிக்கொண்டிருந்த மானிட்டரைக் கொடுத்தார். பவர் சப்ளையும் மெமரியும் மட்டும் புதிது. ஏதாவது கோளாறென்றால் பீப் பீப் என்று கத்திச் சொல்வதற்குக் குட்டி ஸ்பீக்கர் ஒன்று உண்டு. கோளாறே வரப்போவதில்லை, அது எதற்குத் தண்டம் என்று வாங்காமல் விட்டேன். ஏற்கெனவே வீட்டில் நான் ஒரு வாயில்லாப் பூச்சியாக இருந்தேன். இப்போது துணைக்கு ஒன்று சேர்ந்தது.

மேஜையில் எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். அவளுக்கும் கொஞ்சம் தெரியட்டுமே என்று விளக்கினேன்.

"இதுதான் மதர்போர்டு. எதுவா இருந்தாலும் இதைக் கேட்டுத்தான் நடக்கும்."

"அப்ப ஃபாதர்போர்டு?"

"அப்படி ஒண்ணு கிடையாது."

"நல்ல ஏற்பாடு" என்றாள்.

ஸ்க்ரூக்களைப் பூட்டினேன். கம்பிகளை இழுத்துச் செருகினேன். மெமரி என்பது விரல் அகலத்தில் நீளமான ஒரு பச்சைப் பட்டை. அதை அதன் குழியில் வைத்து இரண்டு பெருவிரலாலும் அழுத்த வேண்டும், கிளிக் என்று கேட்டால் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம், இதெல்லாம் யூடியூபில் பார்த்திருந்தேன். எழுந்து நின்று மேஜை மேல் நன்றாகக் குனிந்து அழுத்தினேன். கிளிக் என்றது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பட்டனைத் தட்டினேன். ஃபேன் சுற்றியது, நீல விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் கும்மிருட்டாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து 'சிக்னல் இல்லை' என்று ஒரு வரி வந்தது, அதுவும் போய்விட்டது. அணைத்துப் போட்டேன், போட்டு அணைத்தேன். பூட் ஆகவில்லை. பூட்டுக் கடைக்காரன் வீட்டிலேயே பூட் ஆகவில்லை என்றால் வெளியே சொல்ல முடியுமா?

மனைவி குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். "அந்தப் பச்சைப் பட்டை ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு இருக்கிற மாதிரி தெரியுதே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது மெமரி. கிளிக்னு சத்தம் கேட்டாச்சு. இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா."

"சரி" என்றாள்.

அன்றைக்கு இரண்டாவது சரி. அதையும் நான் கவனிக்கவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து பெட்டிக்குள் நான் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். பவர் கம்பியைக் கழற்றினேன், ஹார்ட் டிஸ்க் கம்பியைக் கழற்றினேன், காசு மாதிரி வட்டமாக இருக்கும் பேட்டரியைக்கூடக் கழற்றி ஊதிப் போட்டேன். அந்தப் பச்சைப் பட்டையை மட்டும் தொடவில்லை. தொட்டால் அவள் சொன்னதைக் கேட்ட மாதிரி ஆகிவிடும்.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். அதே இருட்டு. மனைவி டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

பிழை திருத்துகிறவர்களுக்கு ஒரு முறை உண்டாம். ஒரு வரியில் ஏதோ இடிக்கிறது, ஆனால் பிழை அகப்படவில்லை என்றால் அந்த வரியையே முறைத்துக்கொண்டிருக்கக் கூடாதாம். அதற்கு முந்தின வரியைப் பார்க்க வேண்டும், முந்தின பக்கத்தைப் பார்க்க வேண்டுமாம். பல சமயம் தப்பு வெளியில்தான் இருக்குமாம். அவள் சொல்லும்போது ரொம்ப நியாயமாகப் பட்டது.

"இப்ப இதுக்கு முந்தின வரி எது?" என்று கேட்டேன்.

"கரண்டுதான். அந்த பிளக் பாயிண்ட்டைப் பாருங்க, சுவரை விட்டு வெளிய வந்து தொங்குது. அதுல இருந்து வர்ற கரண்டு எப்படி ஒழுங்கா இருக்கும்?"

எனக்கே தோன்றவில்லை பாருங்கள். அந்த பிளக் பாயிண்ட் தொங்க ஆரம்பித்து எவ்வளவு நாள் என்று ஞாபகமில்லை, அதை மாட்டச் சொல்லி அவள் கேட்காத நாளும் ஞாபகமில்லை. மெயினை அணைத்துவிட்டுச் சுவரைத் துளைத்து, புதுப் பெட்டி வைத்து, ஆடாமல் அசையாமல் பூட்டினேன். கையோடு கையாகப் படுக்கையறையில் இருந்ததையும் மாட்டிவிடுங்கள், கரண்டு அங்கேயிருந்துதானே வருகிறது என்றாள். அதையும் மாட்டினேன். பட்டனைத் தட்டினேன். ஃபேன் சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது.

அடுத்த நாள் தூசி. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெட்டியைத் துடைத்தால் போதுமா, தூசி எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா என்றாள். பார்த்தேன். சீலிங் ஃபேன் இறக்கைகளிலிருந்து வந்தது. பரணிலிருந்து வந்தது. சோஃபாவுக்கு அடியில் அது குடும்பமாகவே வாழ்ந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் துடைத்து, தரையையும் துடைத்து முடித்தபோது வீடு பளபளவென்றிருந்தது. திரை மட்டும் மாறவில்லை.

அதற்கடுத்த நாள் ஈரம். கம்ப்யூட்டர் மேஜைக்குப் பின்பக்கச் சுவர் குளியலறைச் சுவர். அங்கே குழாய் ஒழுகியது. ஈரக்கசிவு எலெக்ட்ரானிக் சாமானுக்கு விஷம் இல்லையா என்று அவள்தான் கேட்டாள். விஷம்தான் என்று ஒப்புக்கொண்டேன். குழாயைக் கழற்றி வாஷர் மாற்றினேன். அப்படி மாற்றியபோது தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடித்ததையும் பொருட்படுத்தவில்லை. ஒரு விஞ்ஞானி இதையெல்லாம் பார்க்கக் கூடாது.

இடையில் ஒரு நாள் மாடி பல் டாக்டர் வந்தார். மானிட்டர்மேல் எனக்குச் சந்தேகம் என்று அவர் காதுக்குப் போயிருந்தது. தன் மானிட்டரின் மானத்தைக் காப்பாற்ற டார்ச்சும் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியுமாக இறங்கி வந்துவிட்டார். கேபினட்டின் மூடியைத் திறந்து, "ஆ காட்டுங்க" என்றார். பழக்கதோஷம். கண்ணாடியை உள்ளே விட்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

"இது கொஞ்சம் ஆடுற மாதிரி..."

"டாக்டர், டீ ஆறுது" என்றாள் மனைவி.

அவர் டீ குடிக்கச் சமையலறைப் பக்கம் போனார். அங்கே அவள் ஏதோ சொன்னாள். அவர் பெரிதாகச் சிரித்தார். திரும்பி வந்து, "எனக்கு ஒண்ணும் புரியல சார், வேர் வரைக்கும் போகணும் போலிருக்கு" என்று சொல்லிவிட்டு, படியேறும்போதும் சிரித்துக்கொண்டே போனார். பல் டாக்டர்கள் விளம்பரத்துக்காகச் சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு துப்பு கிடைத்தது. நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லண்ணா. ஒரே ஒரு லூசுதான். அது சரியாகக் கொஞ்ச நாள் ஆகும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லூஸ் கனெக்‌ஷன். இத்தனை நாள் இது தோன்றவில்லையே. என் மச்சான் நிபுணர் இல்லையா, கேட்டவுடனே கண்டுபிடித்திருக்கிறார். அவர் மேல் முதல் தடவையாக மரியாதை வந்தது. உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கம்பி என்றால் கம்பி, ஸ்க்ரூ என்றால் ஸ்க்ரூ, அந்தப் பச்சைப் பட்டையைத் தவிர எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் இறுக்கினேன்.

மனைவி பக்கத்தில் வந்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"எங்கேயோ ஒரு லூஸ் இருக்கு. கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

"எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள். அப்புறம், லூசைத் தேடுவதென்றால் பெட்டிக்குள் மட்டும் ஏன் தேட வேண்டும், மேஜைக் கால் லூசு, கதவுக் கைப்பிடி லூசு, துணி காயப்போடும் கொடிக் கம்பி லூசு, அலமாரிக் கீல் லூசு என்று வரிசையாகச் சொன்னாள். இவையெல்லாம் ஆடினால் அதிர்வு கம்ப்யூட்டருக்குத்தான் போகுமாம். வீடு முழுக்க இறுக்கினேன். கடைசியில் இறுகாமல் இருந்தது நான் ஒருவன்தான். தோள்பட்டை, மணிக்கட்டு, இடுப்பு எல்லாம் கழன்று தனித்தனியாக இருந்தன. திரை அன்றைக்கும் இருட்டு.

சனிக்கிழமை கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. திண்டுக்கல் பூட்டு மாதிரி கனமாக நெஞ்சில் ஏதோ உட்கார்ந்திருந்தது. பூட்டு கேட்டவருக்குச் சாவியை மட்டும் கொடுத்தேன். நாளைக்கு ஞாயிறு, நாளை மறுநாள் திங்கள். ஆசிரியர் அம்மா மெயில் அனுப்புவார். இவள் எதில் பார்ப்பாள்? இந்த ஒரு வாரத்தில் அவள் ஒரு தடவைகூட என்னைக் கடிந்துகொள்ளவில்லை, ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதை நினைக்க நினைக்கத்தான் எனக்குப் பயம் வந்தது. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். என் வறட்டுக் கௌரவத்துக்காக அவள் வேலையைத் தொலைக்கப்போகிறேன்.

கடைக்குப் பின்னால் போய் நின்று மச்சானுக்குப் போன் போட்டேன். இந்தப் போனை நான் போடுவேன் என்று என் எதிரிகூட நினைத்திருக்க மாட்டான்.

"மச்சான், அந்தக் கம்ப்யூட்டர் வாங்கித் தர்றேன்னு சொன்னீங்களே. இப்ப முடியுமா? நாளைக்குள்ள வேணும்."

"யாருக்கு மாப்ள?"

"உங்க தங்கச்சிக்குத்தான். நான் கட்டினது ஓடல. தோத்துட்டேன். நீங்க தப்பா நினைச்சாலும் பரவாயில்ல, அவ வேலை போயிடக் கூடாது."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"என்ன மாப்ள சொல்றீங்க? நேத்து மத்தியானம்கூட அதுலதான எனக்கு மெயில் அனுப்பினா. விண்டோஸ் எப்படிப் போடணும்னு திங்கக்கிழமை கேட்டா, சொன்னேன். அன்னைக்கே போட்டு முடிச்சிட்டாளே. நல்லா ஓடுதுன்னா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஐயையோ. உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்.

முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முழுப் பொய்யும் இல்லை, காலையிலிருந்து வயிற்றுக்கு ஒன்றும் போடவில்லை. வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கத்த வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து முதலில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

திரையில் வெளிச்சம். வரி வரியாக எழுத்து. அவள் மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி, உதடு அசைய அசைய வாசித்துக்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் புருவம் ஏறியது. மாட்டிக்கிட்டியா என்பது போல ஒரு சின்னச் சிரிப்பு, அப்புறம் விசைப்பலகையில் ஒரு தட்டு. கோபம் வர வேண்டிய இடம், நானும் அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. நெஞ்சிலிருந்த கனம் அப்படியே இறங்கிப் போயிற்று. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஓடுகிறது. நான் கட்டியது ஓடுகிறது. அவள் வேலை எங்கும் போகவில்லை.

அவள் திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "ஷூவை வெளிய விட்டுட்டு வாங்க. துடைச்ச தரை. பாவம், நீங்கதான் துடைச்சீங்க."

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எப்ப சரியாச்சு?"

"திங்கக்கிழமை காலைல. நீங்க படியிறங்கிப் போனதும் அந்தப் பச்சைப் பட்டையை அழுத்தினேன். கிளிக்னு உட்கார்ந்துச்சு."

"எனக்கும் கிளிக்னு கேட்டுச்சே."

"அது உங்க முட்டி. நீங்க எப்ப குனிஞ்சாலும் கேட்கும்."

நான் சோதனைக்காக எழுந்து நின்று கொஞ்சம் குனிந்து பார்த்தேன். கிளிக் என்றது.

"அப்ப தினமும் சாயங்காலம் நான் வந்து போட்டப்போ இருட்டா இருந்துச்சே?"

"நீங்க வர்ற நேரம் பார்த்து, சுவிட்சை அணைச்சிட்டு பட்டையை ஒரு பக்கம் லேசாத் தூக்கி விட்டுடுவேன். அதை மட்டும் நீங்க தொடமாட்டீங்கன்னு தெரியும். நான் சொன்ன இடமாச்சே."

"ஏன் இப்படிப் பண்ணினே?"

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "குழாயைப் பாருங்க, பிளக்கைப் பாருங்கன்னு எவ்வளவு நாளா கேட்டிருப்பேன்? எனக்காகன்னா உங்க கண்ணுக்கு எதுவுமே தெரியல. கம்ப்யூட்டருக்காகன்னதும் எல்லாம் தெரிஞ்சுது. கம்ப்யூட்டர் ஓடினா நீங்க உட்கார்ந்துடுவீங்க. அது உட்கார்ந்தா நீங்க ஓடுறீங்க. நான் என்ன செய்யட்டும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதில் வரப்போகிற பிழைகளுக்காக அவள் புருவம் இப்போதே தயாராக நின்றது. மூடிக்கொண்டேன்.

மாடி டாக்டருக்கும் தெரியுமா என்று கேட்டேன். பார்த்த உடனே சொல்லிவிட்டாராம், ஆடுகிறது என்று. வாயை மூடிக்கொள்ளச் சொன்னாளாம். எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்கிறவருக்கு அது புதுமையாக இருந்ததாம். ஆசிரியர் அம்மா மாதிரிக்குச் சில பக்கங்கள் அனுப்பி, அதில் இவள் திருத்தியதைப் பார்த்து வியாழக்கிழமையே வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டாராம். வியாழக்கிழமை அன்று நான் ஏணி மேல் நின்றுகொண்டு, செவ்வாய்க்கிழமை விட்டுப்போன அலமாரி மேல்தட்டைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் பயந்திருக்க மாட்டேனே" என்றேன்.

"ரொம்ப பயந்துட்டீங்களா?"

"ஆமா."

அவள் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்தாள். "அண்ணன் உடனே எனக்குப் போன் பண்ணிட்டார். நீங்களா அவர்கிட்ட கேட்டீங்களாமே. எனக்காகக் கேட்டீங்களாமே. நீங்க வீடு வந்து சேர்றதுக்குள்ள பட்டையைத் தூக்கி விட்டிருக்கலாம். ஜன்னல் கீல்கூட இன்னும் பாக்கி இருக்கு. ஆனா மனசு வரல."

ஒரு வாரமாகத் தினம் தினம் ஏமாந்தவன் நான். ஆனால் அந்த நேரத்தில் ஜெயித்தவன் மாதிரி இருந்தது. எழுந்து போய் டீ போட்டேன். எனக்கு டீ போடத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதைக் காட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இப்போது தினமும் நான்தான் போடுகிறேன்.

திங்கட்கிழமை வந்தது. அவள் காலையிலேயே குளித்து, தலைவாரி, அலுவலகத்துக்குப் போகிறவள் போல உடுத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பட்டனைத் தட்டினாள். ஒரு முனகல்கூட இல்லாமல் திரை வெளிச்சமானது. நான் கடைக்குக் கிளம்பி வாசலில் நின்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் அம்மா போனில் வந்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் நன்றாகக் கேட்டது. முதல் பாடம் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். மாதிரிப் பக்கங்களை அன்றைக்கே திருத்தி அனுப்பிவிட்டாயே, உன் கம்ப்யூட்டர் அவ்வளவு வேகமா, எந்தக் கடையில் வாங்கினாய் என்று விசாரித்தார்.

"கடையில வாங்கலம்மா. என் வீட்டுக்காரரே கட்டினது" என்றாள் மனைவி. "ஒவ்வொரு ஸ்க்ரூவும் அவர் கையால போட்டது."

என் கை லேஸிலேயே நின்றுவிட்டது. பூட்டுக் கடையில் எனக்கு இப்படி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை, வீட்டிலும் சொன்னதில்லை. மச்சான் கேட்டிருக்க வேண்டும் இதை. கண்ணில் லேசாக நீர் கட்டியது. நான் கட்டியதில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் எனக்கும் ஒன்று கட்டித் தருவாரா, என் வீட்டுக்காரர் எதையும் தொடமாட்டேன் என்கிறார் என்று கேட்டார் ஆசிரியர் அம்மா.

"தாராளமாத் தருவார். ஞாயித்துக்கிழமை அனுப்பி வைக்கிறேன்" என்றாள் என் மனைவி. "முதல்ல உங்க வீட்டுல என்னென்ன வேலை பாக்கி கிடக்குன்னு சொல்லுங்க. அதை வச்சுத்தான் கம்ப்யூட்டர் சரியாக எத்தனை நாள் ஆகும்னு சொல்ல முடியும்."